மூக்குக்குக் கீழே

ஜெயக்கொடி பேருந்தில் ஏறினால் கடைசி இருக்கைக்குத்தான் போவாள். அது கிடைக்காவிட்டால் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டே வருவாள். முதுகுக்குப் பின்னால் ஆள் இருக்கக் கூடாது. பின்னால் இருப்பவர்கள் என்ன பேசுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாத பேச்சு எல்லாம் தன்னைப் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொள்வது ஏழு வயதிலிருந்து வந்த பழக்கம்.

ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டாள், காது போய்விட்டது. அதற்கு முன்பே பேசக் கற்றிருந்ததால் பேச்சு முழுக்கப் போகவில்லை. ஆனாலும் ஏற்ற இறக்கம் இல்லாத, சில எழுத்துகள் தேய்ந்துபோன பேச்சு அது. எதிராளி முகத்தைச் சுளித்து "என்னா?" என்று இரண்டு தடவை கேட்டால், மூன்றாவது தடவை அவள் வாயைத் திறக்க மாட்டாள். பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக் காட்டுவாள். பரவை மார்க்கெட்டில் மல்லி, கறிவேப்பிலை விற்கும் அம்மா பாண்டியம்மாளிடம் மட்டும்தான் வாய்விட்டுப் பேசுவாள்.

எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவாள். மீதியை அவளாக நிரப்பிக்கொள்வாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

காது கேளாதோர் பள்ளியில் படம் வரையத் தொடங்கியபோது அவள் முதலில் வரைந்தது வாய்களைத்தான். ஓவிய வாத்தியாருக்கு அது விசித்திரமாக இருந்தது. மற்ற பிள்ளைகள் கண்ணில் தொடங்குவார்கள், இவள் உதட்டில் தொடங்கி மேலே ஏறுவாள். வரையும்போது ஒருவரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உற்றுப் பார்க்கலாம், யாரும் ஏன் முறைக்கிறாய் என்று கேட்பதில்லை. தாளில் வந்த முகம் அவளைப் பற்றி எதுவும் பேசாது. வாழ்க்கையில் அவள் யாரையும் சந்தேகப்படாமல் இருந்த நேரம் என்று கணக்குப் பார்த்தால், கையில் பென்சில் இருந்த நேரம்தான்.

முப்பத்தோரு வயதில் அவள் செல்லூரில் ஹரிராமின் பிரேம் கடையில் வேலை பார்த்தாள். ஒடுக்கமான சந்து. இரண்டு பக்கமும் விசைத்தறி. தறி ஓடுவது அவளுக்குப் பாதத்தில் தெரியும், மின்சாரம் போனால் தரை அடங்கிவிடும். ஹரிராம் கண்ணாடி வெட்டிச் சட்டம் போடுவார், அவருடைய மனைவி ஹம்சவேணி வாடிக்கையாளர்களைக் கவனிப்பார், ஜெயக்கொடி பென்சில் படம் வரைவாள். கல்யாணப் பரிசு, பிறந்தநாள் பரிசு, அதைவிட அதிகமாக இறந்தவர்களின் படம். வாக்காளர் அட்டையில் மங்கிப்போன தபால்தலை அளவு முகத்தைக் கொண்டுவந்து, "அப்பா சிரிக்கிற மாதிரி வேணும்" என்பார்கள். குழு போட்டோவில் பாதி முகம் அடுத்தவர் தோளுக்குப் பின்னால் மறைந்திருக்கும், மீதியையும் சேர்த்து வரையச் சொல்வார்கள். அவள் வரைவாள். வாங்கிப் பார்த்து "அப்படியே எங்கப்பாதான்" என்று அழுவார்கள். பார்க்காத பாதியை நிரப்புவதில் அவள் கை அப்படிப் பழகியிருந்தது.

இரண்டு வருடமாகப் புதுச் சந்தேகம் ஒன்று கிளம்பியிருந்தது. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கையில வரைஞ்சதா, இல்ல போன் ஆப்புல போட்டு எடுத்ததா?" என்று கேட்டார்கள். ஹரிராமுக்குக் கோபம் வந்தது. உள்ளே இருந்த அவள் மேசையைத் தூக்கிக் கடை வாசலில் போட்டுவிட்டார். "சந்துல போற வாரவன் எல்லாம் பாக்கட்டும்" என்றார். பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "பாவம், காது கேக்காத பிள்ள, எம்புட்டு நல்லா வரையுது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் 'பாவம்' உதட்டில் எப்படி விழும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். முதலில் மூடித் திறந்து, பிறகு மறுபடி மூடும்.

ஹரிராமும் ஹம்சவேணியும் அவளிடம் நல்லபடியாகத்தான் இருந்தார்கள். ஆனால் தங்களுக்குள் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொள்வார்கள். தமிழ் வாய் அவளுக்குப் புரியும், அந்த வாய் புரியாது. பேச்சின் நடுவே ஒருவர் அவள் பக்கம் கண்ணைத் திருப்பினால் போதும், அன்றைக்கு முழுதும் அவளுக்கு வேலை ஓடாது. கேட்டதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்வார்களா என்பதிலும் சந்தேகம்.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தச் சந்தில் சுந்தரவல்லியின் சங்கிலியை அறுத்தார்கள். சுந்தரவல்லி ஹம்சவேணியின் பெரியம்மா, அறுபத்தெட்டு வயது, நான்கு வீடு தள்ளி இருப்பவர். பூ வாங்கிக்கொண்டு திரும்பியபோது பின்னாலிருந்து பைக் வந்தது. ஓட்டியவன் ஹெல்மெட் போட்டிருந்தான். பின்னால் இருந்தவன் கையை நீட்டி இழுத்தான். அவர் குப்புற விழுந்ததில் முன்பல் உடைந்தது. பைக் பிரேம் கடை வாசலைத் தாண்டிப் போன மூன்று வினாடியில் பின்னால் இருந்தவனை ஜெயக்கொடி பார்த்தாள். கூட்டம் கூடிப் பெரியம்மாவைத் தூக்கிக்கொண்டிருந்தபோதே அவள் மேசையில் உட்கார்ந்து வரையத் தொடங்கிவிட்டாள். இருபது நிமிடத்தில் முழு முகம் வந்துவிட்டது. ஏறிய நெற்றி, வெளியே விரிந்த காது, நெருங்கிய கண்கள், கீழே தடித்த உதடு, லேசாகக் குவிந்த வாய்.

எஸ்.ஐ. கருத்தக்கண்ணன் அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் முதலில் சந்தேகப்பட்டது அவளைத்தான்.

"மூணு செகண்டு பாத்தேங்குற. மூணு செகண்டுல காது மடல் வரைக்கும் தெரிஞ்சுச்சா? ஆளு தெரிஞ்ச ஆளா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"இவளுக்கு நெசமாவே காது கேக்காதா?" என்று அவர் ஹரிராமைக் கேட்டார். அதையும் அவள் உதட்டில் படித்துவிட்டாள். திடீரென்று ஒரு போலீஸ்காரர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கையை ஓங்கித் தட்டினார். காற்று கழுத்தில் பட்டது. அவள் திரும்பவில்லை, திரும்பினால் காது கேட்கிறது என்பார்கள். திரும்பாததையும் எஸ்.ஐ. உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய போன் எண்ணை, அம்மாவின் வேலையை, எந்தப் பேருந்தில் வருகிறாள் என்பதை எல்லாம் எழுதிக்கொண்டு போனார்.

படம் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் மதுரை முழுக்கப் போய்விட்டது. வியாழக்கிழமை பரவையிலிருந்து யாரோ ஒருவர் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். இது மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஆள் மாதிரி இருக்கிறது என்று. போய்ப் பிடித்தார்கள். அவன்மேல் முன்பு ஒரு அடிதடி வழக்கு இருந்தது, அது போதுமானதாக இருந்தது. எஸ்.ஐ. கடைக்கு வந்து போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இவன்தானே?"

அவள் பார்த்தாள். இந்த முகத்தைப் பார்த்திருக்கிறோம். எங்கே பார்த்தோம்? பைக்கில்தான். வேறு எங்கே? ஆமாம் என்று தலையாட்டினாள்.

"கேமராவெல்லாம் இவகிட்ட பிச்சை வாங்கணும்யா!" என்றார் எஸ்.ஐ., கூட வந்தவரைப் பார்த்து.

அந்த வாக்கியத்தில் 'பாவம்' இல்லை. காது இல்லை. ஜெயக்கொடி அதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை சந்துக்காரர்கள் வந்து கையைக் குலுக்கினார்கள். முகம் வீங்கிக் கிடந்த சுந்தரவல்லி பெரியம்மா அவள் தலையைத் தொட்டுத் தன் நெற்றியில் விரல்களைச் சொடுக்கித் திருஷ்டி கழித்தார். அன்று மாலை பேருந்தில் கடைசி இருக்கை காலியாக இல்லை. அவள் நடுவில் ஒரு இடத்தில் உட்கார்ந்து வந்தாள்.

சனிக்கிழமை காலை மார்க்கெட்டில் அம்மாவுக்குக் கூடை இறக்கிக் கொடுத்துவிட்டு வெங்காய ஷெட் வழியாகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். பின்னாலிருந்து ஒரு மூட்டை அவள் தோளில் மோதியது. நிலைதடுமாறி விழுந்தாள், முழங்கை சிராய்த்தது. மூட்டைக்காரர் திரும்பி ஏதோ திட்டினார். எத்தனை முறை கத்தினேன், காதில் விழவில்லையா என்றிருக்கும். அம்மா ஓடிவந்து தூக்கினாள்.

"பாத்து வரக் கூடாதாத்தா? அந்த முத்திருளன் இருந்தாத்தான் உனக்கு வாகு. அவனையும் பிடிச்சுட்டுப் போயிட்டாக."

"யாரு முத்திருளன்?"

"உனக்கு முன்னால வந்து நின்னு, மூஞ்சிக்கு நேரா 'ஓரம்'னு சொல்லிட்டுப் போவான்ல, அவன்தான். சங்கிலி அறுத்தான்னு சொல்லுறாக. அவன் அப்படிப்பட்ட ஆளு இல்லையே. போலீசு எவன் படத்தையோ வச்சுக்கிட்டு..." பாண்டியம்மாள் பாதியில் நிறுத்தினாள். மகள் படம் வரைந்து கொடுத்தது அவளுக்குத் தெரியும். பிடிபட்டவன் இவன் என்பதும் தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது.

ஜெயக்கொடி அங்கேயே வெங்காயச் சருகின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரை வருடத்துக்கு முன்பு அந்த ஆள் ஒருமுறை அவள்மேல் மோதியிருக்கிறான். காது கேட்காது என்று யாரோ சொன்னபின், எழுபது கிலோ மூட்டையோடு அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நிற்பான். மூட்டையின் நிழலில் நெற்றியும் கண்ணும் தெரியாது. தெரிவது வாய் மட்டும்தான். உதடு குவியும், 'ஓ'. திறந்து மூடும், 'ரம்'. அவள் விலகுவாள், அவன் போய்விடுவான். பெயர் தெரியாது, முகமாக நினைத்துப் பார்த்ததும் இல்லை.

அவள் போனை எடுத்துத் தன் படத்தைப் பார்த்தாள். குவிந்த வாய். தப்பி ஓடுகிறவன் எதற்காக 'ஓ' என்று வாயைக் குவிக்க வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு அந்த மூன்று வினாடியை மறுபடியும் ஓடவிட்டாள். ஹெல்மெட் போட்டவனின் தோள். அதன் மேலே நெற்றி, கண்கள், ஒரு காது. மூக்கின் நுனிக்குக் கீழே தோள்தான். தாடையும் வாயும் தோளுக்குப் பின்னால் இருந்தன. அவள் பார்க்கவே இல்லை. பார்க்காததைக் கை போட்டுவிட்டது, தினமும் கடையில் போடுவதைப் போல.

நேராக ஸ்டேஷனுக்குப் போனாள். எஸ்.ஐ.யிடம் நோட்டில் எழுதிக் கொடுத்தாள். "நான் வரைந்தது பாதிதான் உண்மை. வாய் அந்த ஆளுடையது. அவரை எனக்கு மார்க்கெட்டில் தெரியும். திருடனின் வாயை நான் பார்க்கவில்லை."

கருத்தக்கண்ணன் அதை இரண்டு முறை படித்தார். அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள்.

"செவ்வாக்கெழம தெரியாத ஆளுன்னே. வியாழக்கெழம இவன்தான்னு தலையாட்டுனே. இன்னைக்கு மார்க்கெட்ல தெரியும்ங்குற. எவன் வந்து மிரட்டுனான்? இல்ல, அவன் பொண்டாட்டி ஏதும் குடுத்தாளா?"

அவள் இல்லை, இல்லை என்று வாய்விட்டே சொன்னாள். குரல் எப்படி வந்ததோ, மற்ற மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மறுபடியும் எழுதினாள். "நான் பார்க்காத ஒருவரை பைக்கில் வேகமாகப் போகச் சொல்லுங்கள். ஓட்டுபவரின் தோளுக்குப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். வரைகிறேன். என் கை என்ன செய்கிறது என்று நீங்களே பாருங்கள்."

எஸ்.ஐ.க்கு ஆர்வமாகவும் இருந்திருக்க வேண்டும். வேறு ஸ்டேஷனிலிருந்து தபால் கொண்டுவந்திருந்த ஒரு இளம் போலீஸ்காரரைப் பின்னால் உட்காரவைத்து பைக்கை வாசலில் ஓட்டவிட்டார்கள். அவள் வரைந்தாள். கையைத் தடுக்காமல் அதன் போக்கில் விட்டாள். நெற்றி, கண், காது அச்சாக இருந்தன. கீழே தொங்கு மீசையும் தடித்த கீழுதடும் வந்திருந்தன. அந்தப் பையனுக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை. ஒரு ஏட்டு தாளைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அது எஸ்.ஐ.யின் வாய்.

கருத்தக்கண்ணனும் அதைக் கண்டுகொண்டார். பிறகு தாளை மடித்தார்.

"வேணும்னே தப்பா வரைஞ்சிருக்க. சரியா வரையுறதுதான் கஷ்டம். தப்பா வரையுறதுக்கு என்ன?"

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. தவறு செய்வதைக் காட்டி உண்மையை நிரூபிக்க முடியாது. முத்திருளன் முந்தின நாளே ரிமாண்டாகி ஜெயிலுக்குப் போயிருந்தான்.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சீனியம்மாள், முத்திருளனின் மனைவி. வழக்கு விவரம் கேட்க மூன்றாவது நாளாக வந்திருக்கிறாள். ஜெயக்கொடியின் கையில் நோட்டையும் பென்சிலையும் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"படம் போட்ட ஊமச்சி நீதானா? இன்னைக்கு யாரப் போட வந்த? என்னையவா?"

அவள் வாய் வேகமாக ஓடியதில் பாதிதான் பிடிபட்டது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

கடைக்குத் திரும்பியபோது ஹரிராமும் ஹம்சவேணியும் சௌராஷ்டிரத்தில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் நிறுத்தினார்கள். ஜெயக்கொடி எட்டு வருடமாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டாள். நோட்டில் எழுதவில்லை. வாயாலேயே கேட்டாள்.

"மதினி, என்னையப் பத்தித்தானே பேசுறீக?"

ஹம்சவேணி கணவரைப் பார்த்தார், பிறகு அவளுக்கு நேராகத் திரும்பித் தமிழில் நிதானமாகச் சொன்னார். "ஆமா. உன்னையப் பத்தித்தான். ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துச்சு, நீ மாத்திச் சொல்லுறேன்னு. எங்க பெரியம்மா பல்லு உடைஞ்சு கெடக்கு. நீ யார்கிட்டயாச்சும் விலை போயிட்டியோன்னு எனக்குச் சந்தேகம். இவரு அப்படி இல்லைங்குறாரு. அம்புட்டுதான்."

வருடக்கணக்காக அவள் பயந்த சொல் நேருக்கு நேராக வந்துவிட்டது. ஆச்சரியமாக, அது ஊகித்துக்கொண்டிருந்ததைவிடத் தாங்கக்கூடியதாக இருந்தது. அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மூட்டையை, 'ஓர'த்தை, தோளை. புரியாத இடங்களில் எழுதினாள். ஹம்சவேணி கடைசிவரை கேட்டார். "நம்புறேன்னு சொல்ல மாட்டேன்," என்றார். "ஆனா தப்பான ஆளு உள்ள கெடந்தா, எங்க பெரியம்மா சங்கிலிய அறுத்தவன் வெளிய சுத்துறான்னு அர்த்தம். அதையும் பாக்கணும்ல?"

ஹரிராம் வேறொன்று கேட்டார். "செவ்வாக்கெழம பத்தரைக்கு அந்த ஆளு எங்க இருந்தான்?"

மார்க்கெட்டில்தான் இருந்திருக்க வேண்டும். அதை யாரும் போய்ப் பார்க்கவில்லை. படமே சாட்சியாக இருந்ததால் வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டி ஆபீஸ் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை ஹரிராம் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு அவளோடு பரவைக்கு வந்தார். வெங்காய ஷெட்டில் கேமரா இருந்தது. பதிவு பத்து நாளுக்கு மேல் நிற்காது என்று மண்டிக்காரர் பீமாராவ் சொன்னார். "போலீசு கேட்டா குடுப்பேன். நீங்க யாரு?" என்று முதலில் மறுத்தார். ஹரிராம் பேசிப் பேசி, பார்க்க மட்டும் அனுமதி வாங்கினார். அதற்குள் விஷயம் தெரிந்து சீனியம்மாள் வந்துவிட்டாள்.

"இவளே மாட்டிவிட்டு இவளே காப்பாத்த வாராளாம்! அண்ணே, இவ கம்ப்யூட்டர் பக்கத்துல போகக் கூடாது. அழிக்கத்தான் வந்திருக்கா."

ஜெயக்கொடி மூன்றடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்க்க வேண்டியிருந்தது. இடையில் சீனியம்மாள் சுவர் மாதிரி நின்றாள்.

திரையில் படம் மங்கலாக ஓடியது. சத்தம் இல்லாத படம். மற்றவர்களுக்கு அது ஒரு குறையாக இருந்தது, அவளுக்கு வழக்கமானது. தலையில் மூட்டையோடு பத்துப் பன்னிரண்டு பேர் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒன்றுபோல இருந்தார்கள். பீமாராவுக்கே ஆள் அடையாளம் தெரியவில்லை. மணி பத்து இருபத்தாறில் ஒருவன் மூட்டையோடு வந்து, குனிந்து வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த கிழவியைச் சுற்றி முன்னால் போய் நின்றான். கிழவி நிமிர்ந்து விலகினாள். ஜெயக்கொடி கையை நீட்டினாள்.

"அவன்தானா?" என்றார் ஹரிராம்.

வியாழக்கிழமை இதே கேள்விக்கு அவள் உடனே தலையாட்டியிருந்தாள். இப்போது தலையாட்டவில்லை. "எனக்குத் தோணுது. தோணுறது பத்தாது. இன்னும் ஓட்டுங்க," என்றாள். சீனியம்மாளின் பக்கம் திரும்பி, "நீங்க பாருங்க. மூஞ்சி தெரியுற எடத்துல நிறுத்தச் சொல்லுங்க," என்றாள். அந்தப் பேச்சு சீனியம்மாளுக்குப் புரிவதற்குச் சற்று நேரமானது. புரிந்ததும் முதல் தடவையாக அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

பத்து முப்பத்துநாலுக்கு அந்த ஆள் மூட்டையை இறக்கிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். குழாயடியில் நிமிர்ந்து தண்ணீர் குடித்தான். முகம் முழுதாக, பட்டப்பகலில் தெரிந்தது.

"எங்க வீட்டுக்காரருதான்," என்றாள் சீனியம்மாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே, "யாரும் அதத் தொடாதீக," என்றாள்.

பீமாராவ் தானே பதிவை எடுத்துக்கொண்டு ஹரிராமோடு ஸ்டேஷனுக்கு வந்தார். கருத்தக்கண்ணன் கேமராவின் நேரம் சரியாக ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டார், ஆள் அனுப்பிப் பார்த்தார். சரியாக இருந்தது. முத்திருளன் வெளியே வர மேலும் ஒரு வாரம் ஆனது.

அவன் வந்த மறுநாள் ஜெயக்கொடி அம்மாவோடு அவர்கள் வீட்டுக்குப் போனாள். இரண்டு பக்கத்துக்கு எழுதி எடுத்துப் போயிருந்தாள். முத்திருளனுக்குப் படிக்கத் தெரியாது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூட்டையின் நிழல் இல்லாமல் அவன் முகத்தை அவள் நேரில் பார்த்தது அப்போதுதான். நெற்றி ஏறியே இல்லை. காதும் சின்னது. அந்தப் படத்துக்கும் இவனுக்கும் வாயைத் தவிர ஒன்றும் பொருந்தவில்லை. எல்லாரும் வாயைப் பார்த்தே நம்பியிருக்கிறார்கள். அவளும்தான்.

"உள்ள இருக்கையில இதையேதான் யோசிச்சேன்," என்றான் அவன், அவளுக்கு நேராக, மெதுவாக. "படம் போட்ட பிள்ளைக்கு நான் என்ன கெடுதல் பண்ணுனேன்னு. ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல."

"கெடுதல் பண்ணல," என்றாள். கையால் தன் வாயைக் காட்டி, பிறகு அவன் வாயைக் காட்டினாள். அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. சீனியம்மாள் அம்மாவுக்கு மட்டும் காப்பி கொடுத்தாள். புறப்படும்போது அந்த இரண்டு பக்கத்தையும் வாங்கி, மடித்து, பத்திரமாக வைத்துக்கொண்டாள். நாளைக்குத் தான் மறுபடியும் மாற்றிச் சொன்னால் காட்டுவதற்காக இருக்கும் என்று ஜெயக்கொடி நினைத்தாள். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை.

புரட்டாசியில் வேறு மாவட்டத்தில் வேறொரு திருட்டில் இரண்டு பேர் பிடிபட்டார்கள், செல்லூர்ச் சங்கிலியையும் ஒப்புக்கொண்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவனின் போட்டோவை ஹரிராம் காட்டினார். நெற்றி, நெருங்கிய கண், விரிந்த காது எல்லாம் அவள் வரைந்தபடியே இருந்தன. மூக்குக்குக் கீழே சிறிய தாடையும் கோடு போட்டதுபோல மெல்லிய உதடும். அவள் கண் பொய் சொல்லவில்லை என்பதில் சிறு ஆறுதல் இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

ஒரு மாதம் அவள் பென்சிலைத் தொடவில்லை. கடையில் கண்ணாடி துடைத்தாள், சட்டத்துக்கு ஆணி அடித்தாள். வாங்கியிருந்த வேலைகள் தேங்கின. ஹம்சவேணி ஒருநாள் வெள்ளைத் தாளை அவள் முன்னால் போட்டு, "என்னைய வரை. நான் இங்கதான் உக்காந்திருக்கேன், முழுசாத் தெரியுறேன்ல?" என்றார். அதிலிருந்து மறுபடி தொடங்கியது. ஆனால் முறை மாறியது. பாதி முகம் தெரியும் போட்டோவைக் கொண்டுவந்தால் வேறு போட்டோ கேட்டாள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பினாள். "அப்பா சிரிக்கிற மாதிரி" என்று கேட்டவர்களிடம் அவர் சிரித்ததை யார் பார்த்தது, எப்படிச் சிரிப்பார், ஒரு பக்கமாகவா என்று நோட்டில் எழுதிக் கேட்டாள். சிலர் நெடுநேரம் யோசித்துச் சொன்னார்கள். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். ஹரிராம் முணுமுணுத்தார், தடுக்கவில்லை.

தை மாதம் கருத்தக்கண்ணன் மறுபடி வந்தார். ஒரு வீட்டில் நகை போயிருந்தது, ஓடியவனை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். அவரையும் கூட்டி வந்திருந்தார். "ஆளு சொல்லுவாரு, நீ வரை," என்றார்.

ஜெயக்கொடி எதிர்வீட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து ஒவ்வொன்றாக எழுதிக் கேட்டாள். நெற்றியைப் பார்த்தீர்களா? புருவம்? எவ்வளவு நேரம்? தொப்பி போட்டிருந்தான் என்றார் அவர். மூக்கு நீளம் என்றார். தாடி இருந்தது என்றார். கண்ணைக் கேட்டபோது, "கண்ணு வந்து... திருட்டு முழி முழிச்சான்" என்று இழுத்தார்.

"பார்த்தீர்களா, நினைக்கிறீர்களா?" என்று எழுதிக் காட்டினாள்.

அவர் எஸ்.ஐ.யைப் பார்த்தார். "பாக்கலைங்க," என்றார்.

அவள் ஒரு மணி நேரம் வரைந்து தாளை நீட்டினாள். தொப்பி, மூக்கு, தாடி. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக விட்டிருந்தாள்.

"கண்ணில்லாத ஆள எங்கம்மா போய்த் தேடுறது?" என்றார் கருத்தக்கண்ணன்.

"தெரியலை சார்," என்றாள் ஜெயக்கொடி, வாய்விட்டு.

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு உருளையாகச் சுருட்டி, கசங்காமல் இருக்க ரப்பர் பேண்டு போட்டுத் தரச் சொன்னார்.